திறன்பேசிகளின் நிறைகுறைகள்

ஸ்மார்ட்போன் என்று பரவலாக அழைக்கப்படும் திறன்பேசிகளை ஒப்பிடுவோர் திரை, கேமரா, நினைவகம், பேட்டரி ஆகியவற்றின் எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது வழக்கம். வாங்கும் நாளில் இந்த எண்கள் உதவும். அதே பேசி நான்காம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை அவை சொல்வதில்லை. இதுவரை வந்த திறன்பேசிகளின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றின் நிறைகுறைகளைத் தீர்மானித்ததில் உறுப்புகளைவிட மென்பொருளுக்கே பங்கு அதிகம். ஒரு பேசியின் இயங்குதளத்தை யார் கையில் வைத்திருந்தார்கள், எத்தனை காலம் பேணினார்கள் என்பதே முதன்மையான கேள்வி.

முதல் திறன்பேசி ஐபிஎம் நிறுவனத்தின் சைமன். 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெல்சௌத் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ. ஒப்பந்தத்துடன் வாங்கினால் விலை 899 டாலர். தொடுதிரையில் நாட்காட்டி, முகவரிப் புத்தகம் எல்லாம் இருந்தன. மின்னஞ்சலும் தொலைநகலும் அனுப்பலாம். ஆனால் தொடர்ந்து பேசினால் பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரமே தாங்கியது. ஏறக்குறைய 50,000 பேசிகள் விற்றதோடு அதன் கதை முடிந்தது. 1996இல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது. மூடியிருக்கையில் சாதாரணப் பேசி, திறந்தால் முழு விசைப்பலகை என்பது அதன் அமைப்பு. கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் மின்னஞ்சலுக்கான கருவியாகத் தொடங்கிய பிளாக்பெரி, 2002இல் 5810 மாதிரியின் வழியாகப் பேசியாகவும் ஆனது. அந்த மாதிரியில் காதில் வைத்துப் பேச ஒலிபெருக்கியோ ஒலிவாங்கியோ இல்லை. பேச வேண்டுமானால் ஹெட்செட்டைச் செருக வேண்டும். உறுப்புகளின் கணக்கில் இது பெருங்குறை. ஆனாலும் அலுவலகத்தார் பிளாக்பெரியை விரும்பினார்கள், ஏனென்றால் அஞ்சல் வந்த கணத்தில் அது தானாகக் கைக்கு வந்து சேர்ந்தது. 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபோனிலும் 3ஜி கிடையாது. கேமரா 2 மெகாபிக்சல்தான். எழுதியதை நகலெடுத்து ஒட்டும் வசதிகூட 2009இல்தான் கிடைத்தது. அது கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது: புதுப் பேசி வாங்கச் சொல்லாமல், முதல் ஐபோனுக்கே இயங்குதளப் புதுப்பிப்பாக அந்த வசதி வந்து சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான சான்று நோக்கியா. 2012இல் வந்த 808 பியூர்வியூ, 2013இல் வந்த லூமியா 1020 இரண்டிலும் 41 மெகாபிக்சல் கேமரா இருந்தது. அக்காலத்தில் எண்ணளவில் இவற்றை நெருங்கிய பேசி இல்லை. முன்னது சிம்பியன் தளத்திலும் பின்னது விண்டோஸ் போன் தளத்திலும் இயங்கின. சிம்பியன் அப்போதே முடிவை நெருங்கியிருந்தது. லூமியா 1020க்கு விண்டோஸ் 10 தரப்படவில்லை. மிகச் சிறந்த கேமரா இருந்தும் அதைத் தாங்கி நிற்கத் தளம் இல்லை. 2016இல் கூகுளின் முதல் பிக்சல், 12 மெகாபிக்சல் கேமராவை வைத்துக்கொண்டே, பல படங்களை ஒன்றிணைக்கும் மென்பொருளால் நல்ல படம் எடுத்துக் காட்டியது.

இன்று சந்தையில் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை ஐபோனும் ஆண்ட்ராய்டும். ஐபோனில் சில்லும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் வடிவமைப்பு. 2013இல் வந்த ஐபோன் 5எஸ், 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் பெற்றது. ஆண்ட்ராய்டில் கூகுள், சில் நிறுவனம், பேசித் தயாரிப்பாளர் என மூவர் ஒத்துழைத்தால்தான் ஒரு புதுப்பிப்பு கைக்கு வரும். 2011 இறுதியில் கூகுள் பெயரிலேயே வெளிவந்த கேலக்ஸி நெக்சஸுக்கு 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 மறுக்கப்பட்டது, அதற்குள் அதன் சில்லைத் தந்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைப்பேசித் துறையைவிட்டே விலகியிருந்தது. சில் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. சாம்சங்கின் கேலக்ஸி எஸ்21 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சில்லோடும் இந்தியாவில் எக்சினாஸ் சில்லோடும் விற்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு பேசிகள் என்றால், வெளிநாட்டு மதிப்புரையைப் படித்து இங்கே வாங்குவதில் பொருளில்லை.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். புதுப்பிப்பே பேசியைக் கெடுக்கிறது என்பது ஒன்று. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பயனரிடம் சொல்லாமல் செய்தது குற்றமே. ஆனால் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்ததும், வேகக் குறைப்பை நிறுத்திவைக்கும் வசதி 2018இல் இன்னொரு புதுப்பிப்பாக வந்ததும் பேணுவோர் இருந்ததால்தான். இரண்டாவது மறுப்பு விலை. 15,000 ரூபாய்ப் பேசி இரண்டே ஆண்டு பேணப்பட்டால் ஆண்டுக்கு 7,500 ரூபாய்; 42,000 ரூபாய்ப் பேசி ஏழாண்டு பேணப்பட்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஆனால் மொத்தத் தொகையையும் ஒரே நாளில் புரட்ட முடியாதவருக்கு இந்தக் கணக்கு ஆறுதலாகாது. கோடிக்கணக்கானோர் கையில் இணையத்தைச் சேர்த்தது மலிவான ஆண்ட்ராய்டு பேசிகளே. ஐபோன் அதைச் செய்ததில்லை. மலிவு விலைப் பேசிக்கும் நீண்ட ஆதரவு தரவேண்டும் என்று கோருவதற்கு அதுவே காரணம். பெரும்பாலோர் சில ஆண்டுகளில் பேசியை மாற்றிவிடுகிறார்களே என்பது மூன்றாவது. மாற்றப்பட்ட பேசிகள் எல்லாமே குப்பைக்குப் போவதில்லை. பல, தம்பி தங்கை கைக்கோ பழைய பேசிக் கடைக்கோ போகின்றன. வங்கிச் செயலியும் யுபிஐயும் அங்கேதான் தொடர்ந்து இயங்கியாக வேண்டும். திருத்தம் நின்றுபோன பேசியின் ஆபத்து இரண்டாவது ஆள் தலையில் விழுகிறது.

கூகுள் பிக்சல் 8க்கு 2023இலும் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கு 2024இலும் ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டு புதுப்பிப்பு தரவேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.