சொந்த மாநிலத்துக் கல்விச்சாலை

கல்வி வேண்டிப் பிறதேசம் செல்வோர் கதை எந்நாட்டு வரலாற்றிலும் உண்டு. செலவு தாங்காது சொந்த மண்ணின் கல்விச்சாலைக்கு மீள்வோர் கதை அத்துணை எடுத்துரைக்கப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு மீள்வது புதுமையன்று. வெளிமாநிலத்தில் உயர்ந்த கட்டணஞ் செலுத்தி ஓரிரு ஆண்டு பயின்ற மாணவன், தன் மாநிலத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே பட்டம் பெறுகிறான். அவனுக்கு அவ்வாயில் திறந்த வரலாறு அறியத்தக்கது.

அமெரிக்காவின் பழைய கல்லூரிகளுட் பல சமய சபைகளாலும் தனியார் கொடைகளாலும் எழுந்தவை. உழவன் மகனுக்கு அவை பெரும்பாலும் எட்டாக் கனியாயிருந்தன. உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், 1862 ஜூலை 2ஆந் திகதி, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் மொறில் சட்டத்தில் ஒப்பமிட்டார். காங்கிரசில் ஒரு மாநிலத்துக்கு இருந்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் பொதுநிலம் வழங்க அச்சட்டம் வகைசெய்தது. அதனை விற்ற பணத்தை முதலாக்கி, அதன் வருவாயைக் கொண்டு விவசாயமும் இயந்திரத் தொழிற்கலையும் போதிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் பேணவேண்டும் என்பது ஏற்பாடு. அந்நிலத்திற் பெரும்பகுதி ஆதிக்குடிகளிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

1868இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டம், வருமானம் இடங்கொடுத்தவுடன் அம்மாநிலத்தவர்க்கு இலவசமாகக் கற்பித்தல் வேண்டும் என்றது. 1960இல் வகுக்கப்பெற்ற கலிபோர்னிய உயர்கல்விப் பெருந்திட்டம், இரண்டாண்டுக் கல்லூரிகளிற் பயின்றோர் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியையும் ஒழுங்குபடுத்தியது. இடையில் மாறி வருபவன் அழையா விருந்தாளி அல்லன் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

மாநில மக்களின் வரிப்பணத்தால் நடக்கும் பல்கலைக்கழகம் அம்மக்களின் பிள்ளைகளிடம் குறைந்த கட்டணமும் வெளியாரிடம் கூடிய கட்டணமும் பெறுவது நியாயமெனவே கொள்ளப்பட்டது. ஆயின், உள்ளூரவர் யார்? வழக்கு இங்கேதான் பிறந்தது.

கலிபோர்னியாவிற் கல்லூரி மாணவியாயிருந்த ஒருவர், கொனெற்றிக்கட் மாநிலத்தவர் ஒருவரை மணக்க நிச்சயித்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். 1971இல் மணமுடித்து அங்கேயே குடியேறினார். வாக்காளராகவும் பதிவு செய்துகொண்டார். எனினும், விண்ணப்பித்த காலத்தில் அவர் முகவரி வெளிமாநிலத்ததாயிருந்தமையால், படிப்பு முடியும்வரை அவர் வெளியாரே என அவ்வாண்டுச் சட்டமொன்று விதித்தது. உள்ளூரவர் ஒரு பருவத்துக்கு 175 டொலர் செலுத்துகையில், வெளியாரிடம் 625 டொலர் கோரப்பட்டது. வீடும் வாக்கும் அங்கிருந்தும் அவர் அம்மாநிலத்தவர் ஆகவில்லை.

விளாண்டிஸ் வழக்கு எனப்படும் இவ்வழக்கில், 1973 ஜூன் 11ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். பெரும்பான்மையோரின் தீர்ப்பை நீதியரசர் பொட்டர் ஸ்ருவேட் எழுதினார். தன் குடிமக்களுக்குச் சலுகை காட்டும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. ஆயின் ஒருவர் தம்மைக் குடிமகன் என நிரூபிக்கும் வாய்ப்பையே மறுத்தல் அரசியலமைப்பின் பதினான்காந் திருத்தத்துக்கு முரண் என்பது அதன் சாரம். அதேவேளை, ஓராண்டு வதிந்த பின்னரே குறைந்த கட்டணம் என்னும் மினசோட்டா மாநில விதியை 1971இல் ஏற்ற முன்னைய முடிவை அது மாற்றவில்லை.

படிப்புக்கென மட்டும் வந்து தங்குபவரை இன்றும் மாநிலங்கள் பொதுவாக உள்ளூரவராகக் கொள்வதில்லை. ஆதலால், கடன் பெருகக் கண்ட மாணவனுக்குப் பிறந்த மாநிலமே பெரும்பாலும் எளிய புகலாகிறது. அங்கும் இடர் இல்லாமலில்லை. முன்பு கற்ற பாடங்களிற் சில கணக்கிற் கொள்ளப்படாவிட்டால் அவற்றை மீண்டும் கற்க நேரும். கட்டணத்தில் மிஞ்சியதைக் காலம் தின்றுவிடும். எனவே எப்பாடங்கள் ஏற்கப்படும் என்பதை மாறுமுன் எழுத்திற் பெறுதல் அறிவுடைமை.

வீடு திரும்பும் மாணவனைத் தோற்றவன் என எண்ணுவார் உளர். அவன் நுழைவதோ, அவன் பெற்றோரும் அயலவரும் தலைமுறை தலைமுறையாய் வரி இறுத்துக் காத்த மண்டபம். பெயர்பெற்ற கல்விச்சாலையை இழந்தானாயினும், கல்வியை அவன் இழந்தானல்லன்.