ஏலக் கணக்கில் இல்லாத கோபுரங்கள்

2016 மார்ச் 29 அன்று அமெரிக்காவில் ஒரு வித்தியாசமான அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. டிவி நிலையங்கள் தங்கள் அலைக்கற்றையை விற்கும், மொபைல் நிறுவனங்கள் அதை வாங்கும். நடுவில் நின்று நடத்தியது எஃப்.சி.சி. என்ற தொலைத்தொடர்பு ஆணையம். மென்பொருள் ஆள் என்பதால் இதன் அல்காரிதத்தைப் படிக்கத்தான் உள்ளே போனேன். கடைசியில் அந்தக் கணக்கில் யார் இல்லை என்பதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

இல்லாதது டிரான்ஸ்லேட்டர். பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பு என்று நினைக்க வேண்டாம். மலை மேல் நிற்கும் சின்னக் கோபுரம் அது. நகரத்து நிலையத்தின் சிக்னலை வாங்கி, வேறொரு சானலுக்கு மாற்றி, மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு அனுப்பும். யூட்டா, கொலராடோ, மொன்டானா மாதிரி மாநிலங்களில் பல ஊர்களுக்கு ஆன்டெனா டிவி இப்படித்தான் வருகிறது.

இதன் கதை 1950களில் ஆரம்பிக்கிறது. பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள் அனுமதி கேட்காமலே பூஸ்டர்களை வைத்தார்கள். ஆணையம் மூடச் சொன்னது. கொலராடோ கவர்னர் எட்வின் ஜான்சன் ஊர்க்காரர்கள் பக்கம் நின்றார். 1956-ல் ஆணையம் இறங்கி வந்து, 70 முதல் 83 வரையுள்ள சானல்களில் டிரான்ஸ்லேட்டர்களை அனுமதித்தது. ஆனால் அவற்றின் தகுதி 'இரண்டாம் நிலை'. முழு உரிமம் உள்ளவர் அந்த இடத்துக்கு வந்தால் காலி செய்ய வேண்டும். 1982-ல் வந்த குறைந்த சக்தி டிவி நிலையங்களுக்கும் இதே விதிதான்.

அதன்பின் டிவி பட்டையை மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள். 70–83 செல்போனுக்குப் போனது. 2009 டிஜிட்டல் மாற்றத்தோடு 52–69 போனது. மூன்றாவது வெட்டு இந்த ஏலம்: 38–51.

ஏலத்தின் ஆரம்ப விலை, ஒரு நிலையம் எத்தனை மக்களைச் சென்றடைகிறது, எத்தனை நிலையங்களோடு மோதுகிறது என்ற இரண்டையும் வைத்து வந்தது. நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். நிலையத்துக்கு 90 கோடி டாலர். நெரிசலே இல்லாத ஊர்ப்புற நிலையங்கள் சிலவற்றுக்கு 'தேவையில்லை' என்றே பதில் வந்தது. விலை இறங்கும் ஒவ்வொரு படியிலும், விலகாத நிலையங்களை மீதிச் சானல்களில் மோதாமல் அடுக்க முடியுமா என்று ஒரு சாட் சால்வர் சோதித்தது. அருமையான எஞ்சினியரிங், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரான்ஸ்லேட்டர்கள் அந்த உள்ளீட்டிலேயே இல்லை. விற்கவும் முடியாது, பாதுகாப்பும் கிடையாது.

2017-ல் ஏலம் முடிந்தபோது மொத்த வசூல் 1,980 கோடி டாலர். 175 நிலையங்கள் சுமார் 1,005 கோடியைப் பிரித்துக்கொண்டன. சானல் மாற வேண்டிய 987 நிலையங்களின் செலவுக்கு 175 கோடி ஒதுக்கீடு. டிரான்ஸ்லேட்டருக்கு? பூஜ்யம். மேக்கோ கம்யூனிகேஷன்ஸ் என்ற குறைந்த சக்தி டிவி நிறுவனம் வழக்குப் போட்டுப் பார்த்தது. 2016-லேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 600 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும். அதனால் கிராமத்து மொபைல் சேவைக்கு அது நல்லது. அதிகம் வாங்கிய டி-மொபைல், பொது ஒளிபரப்பு டிரான்ஸ்லேட்டர்கள் இடம்மாறும் செலவை ஏற்பதாக 2017-ல் அறிவித்தது. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றமும் கூடுதல் நிதியில் ஒரு பங்கு தந்தது.

செலவுக்குக் காசு வந்தது, தகுதி மாறவில்லை. 2023-ல் கையெழுத்தான ஒரு சட்டம், சிறிய சந்தைகளில் இருக்கும் குறைந்த சக்தி நிலையங்கள் பாதுகாப்பான தகுதி பெற வழி திறந்தது. நிபந்தனை: வாரத்துக்கு சராசரியாக 3 மணி நேரமாவது உள்ளூர் நிகழ்ச்சி வேண்டும். டிரான்ஸ்லேட்டரின் வேலையோ அடுத்தவர் நிகழ்ச்சியைக் கடத்துவது மட்டுமே. எனவே அடுத்த வெட்டு எப்போது வந்தாலும், முதலில் காலி செய்ய வேண்டியது மலை மேல் நிற்கும் அதே கோபுரம்தான்.