ஒருவரே செலுத்தும் பாய்ப்படகு

ஒருவரே செலுத்தும் பந்தயப் படகின் வரலாற்றில் டென்மார்க்கு நாட்டுப் பால் எல்வ்ஸ்ட்ரோமின் பெயர் தலையாயது. 1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டி இங்கிலாந்தின் டார்பே கடலில் நடந்தது. இருபதே வயதினரான அவர் முதற்பந்தயத்தை முடிக்காது விலகினார். எனினும் இறுதியில் பொற்பதக்கம் அவருக்கே கிட்டியது.

1952-இல் ஹெல்சிங்கியில் 'ஃபின்' படகு புகுந்தது. சுவீடன் நாட்டு ரிக்கர்ட் சார்பி வகுத்த அது நாலரை மீட்டர் நீளம், ஒற்றைப் பாய் கொண்டது. படகுகளை விழாவினரே வழங்கினர். ஆகவே திறமையே வேறுபாடு. காற்று வலுத்தால், கால்களைப் பட்டையில் மாட்டி, உடலை வெளியே சாய்த்துத் தொங்கவேண்டும். அலுவல் முடிந்து வீடு திரும்பியபின் ஐந்து நிமிடம் அவ்வாறு சாய்ந்து பார்ப்போர்க்கு அதன் அருமை விளங்கும்! எல்வ்ஸ்ட்ரோமோ இதற்கென வீட்டிலேயே பலகை அமைத்துப் பயின்றார். 1956, 1960 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, தொடர்ந்து நான்கு பொற்பதக்கங்கள் பெற்றார். 'ஃபின்' 2021-இல் டோக்கியோ விழாவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது.