உமி: எரிபொருளும் மூலப்பொருளும்

நெல்மணியின் மேலுறையான உமி, ஆலையில் அரைக்கப்படும் நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு அளவுக்குப் பிரிந்து வெளியேறுவதாகும். கன மீட்டர் ஒன்றுக்கு 100 முதல் 150 கிலோ எடையே தேறுவதால், தொலைவுக்கு ஏற்றிச் செல்லக் கட்டுபடியாகாத இப்பொருளை எரிவாயுவாகவும் தொழில்துறை மூலப்பொருளாகவும் மாற்றும் வழிகளைப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கடந்த அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வந்துள்ளன. மாடு விரும்பாததும் மண்ணில் எளிதில் மக்காததுமான அதன் இயல்புக்கும், அதைப் பற்றிய ஆய்வு சென்ற திசைக்கும், அதில் செறிந்துள்ள சிலிக்காவே காரணம்.

உமியில் செல்லுலோசு, ஹெமிசெல்லுலோசு, லிக்னின் ஆகிய கரிமப் பொருள்கள் முக்கால் பங்குக்கு மேல் உள்ளன. எரித்தபின் 15 முதல் 20 விழுக்காடு சாம்பலாக எஞ்சுகிறது. சாம்பலில் பெரும்பாலும் 90 விழுக்காடோ அதற்கு மேலோ சிலிக்காதான். மரத்தின் சாம்பல் பொதுவாக 1 அல்லது 2 விழுக்காட்டைத் தாண்டாது என்பதோடு ஒப்பிட்டால் இதன் மிகுதி விளங்கும். நெற்பயிரின் வேர் மண்ணீரில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி மேலே அனுப்ப, நீர் ஆவியாகும் இடங்களில் அது சிலிக்காவாகப் படிகிறது. இந்த உறிஞ்சுதலை நடத்தும் மரபணுவை ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2006இல் கண்டறிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உமியின் வெளிப்புறம் மக்காச்சோளக் கதிரைப் போல் வரிசை வரிசையான முகடுகளுடன் தெரியும். சிலிக்கா பெரிதும் அம்முகடுகளில்தான் குவிந்திருக்கிறது. நிதானமாக முழுவதும் எரிந்த உமி பொடியாகாமல் அதே வடிவத்தில் வெண்மையான கூடாக நிற்பதும், விரல் பட்டவுடன் உதிர்வதும் இதனாலேயே.

சாம்பலின் பயனைத் தீர்மானிப்பது அது எரிந்த வெப்பநிலை. ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்குள் எரிந்தால் சிலிக்கா படிகமற்றதாக, நுண்துளைகள் நிறைந்ததாக, வேதிவினைக்கு விரைந்து இணங்குவதாக அமைகிறது. அதற்கு மேல் வெப்பம் நீடித்தால் கிரிஸ்டோபலைட்டு போன்ற படிகங்களாக மாறி வீரியம் இழப்பதோடு, அதன் தூசு நுரையீரலுக்கும் தீங்காகிறது. இந்த வேறுபாட்டைச் சிமெண்டுத் தொழிலுக்குப் பயன்படும்படி முறையாக வகுத்தளித்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பி. கே. மேத்தா ஆவார். 1970களில் அவர் காட்டியபடி, சிமெண்டு நீருடன் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பைப் படிகமற்ற சிலிக்கா பற்றிக்கொண்டு, கட்டுறுதி தரும் கால்சியம் சிலிக்கேட்டு சேர்மத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பி. சி. கபூர், உமிச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்து ‘ஆஷ்மோ’ என்ற சிமெண்டை உருவாக்கியதுடன், கம்பிவலைக் கூடையையும் துளையிட்ட குழாயையும் கொண்டு, வெப்பம் எல்லை மீறாமல் உமியைக் கனியவிடும் எளிய உலையையும் வடிவமைத்தார். சிற்றூர்களுக்கு ஏற்றவை என்றாலும், ஆலைச் சிமெண்டு எங்கும் மூட்டையில் கிடைக்கத் தொடங்கிய பின் இவை பரவவில்லை.

யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் கட்லர் வேறொரு வழியை மேற்கொண்டார். உமியில் கரியும் சிலிக்காவும் இயல்பாகவே நெருங்கிக் கலந்திருப்பதால், அதைக் கரியாக்கி 1,500 பாகைக்கு மேல் சூடாக்கினால் சிலிக்கன் கார்பைடு கிடைக்கும் என்று அவர் நிறுவி 1973இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் மயிரிழை போல் விளையும் படிகங்கள் பின்னர் உலோகம் கடையும் பீங்கான் வெட்டுமுனைகளுக்கு வலுவூட்டப் பயன்பட்டன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் உருவாக்கிய முறையில், சாம்பல் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்க வைக்கப்பட்டுச் சோடியம் சிலிக்கேட்டு ஆகிறது. அதனூடே கரியமில வாயுவைச் செலுத்தினால் தூய வெண்சிலிக்கா வீழ்படிவாகிறது. மிஞ்சும் சோடியம் கார்பனேட்டைச் சுண்ணாம்பு மீண்டும் காஸ்டிக் சோடாவாக்கிவிடுகிறது. சாம்பலில் எரியாமல் தங்கிய கரி சிமெண்டுக்குக் குறைபாடு. இங்கோ அது கரையாமல் வடிகட்டியில் நின்றுவிடுவதால் தடையாவதில்லை. உமியை எரித்துத் தீர்ப்பதைவிட அதன் சாம்பலை ஆள்வதே மதிப்பு மிக்கது என்பதற்கு இம்முறை தக்க சான்று.

எரிபொருள் வகையில், உமி கிலோவுக்கு 3,000 முதல் 3,500 கிலோகலோரி வெப்பம் தருவது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இதில் சளைத்ததன்று. பர்மாவின் நீராவி அரிசி ஆலைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே உமியில் ஓடின. தமிழகப் புழுங்கலரிசி ஆலைகள் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு இன்றும் உமியையே இடுகின்றன. காற்றை அளவாகக் கொடுத்து அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு கிடைக்கும், இதுவே வளிமமாக்கல். விறகுக்கென அமைந்த, கழுத்து குறுகிய கலன்களில் உமி இறங்காமல் சிக்கிக்கொள்வதால், மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கலன்கள் வேண்டியிருந்தன. சீனாவில் 1960களிலேயே இவை மின்னாக்கத்துக்குப் பயன்பட்டன. வாயுவைக் கழுவிய நீர் தாருடன் கறுத்து வெளியேறுவது இவற்றின் தீராத தொல்லை. பிலிப்பைன்சின் மத்திய பிலிப்பைன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் பெலோனியோ, சிறு மின்விசிறியால் அடியிலிருந்து காற்றூட்டி, மேலே பற்றவைத்து நீலச் சுடர் பெறும் வீட்டு உமி அடுப்பை உருவாக்கி 2008இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

அண்மைக் காலத்தில் உமியிலிருந்து லித்தியம் மின்கலத்துக்கான சிலிக்கன் (தென் கொரியா, 2013), ஒளியுமிழ் டையோடு (ஹிரோஷிமா பல்கலைக்கழகம், 2022) ஆகியவையும் ஆய்வகங்களில் செய்துகாட்டப்பட்டுள்ளன. உமிச் சாம்பல் சிலிக்கா கார் டயர்களிலும் சேர்க்கப்படுகிறது.