தவிடும் தொட்டிலும்

பிரெஞ்சு ஆட்சி நடந்த காலத்துப் புதுச்சேரியில், இந்துக்களின் மணம், தத்து, பாகப் பிரிவினை ஆகியவற்றை அவரவர் சாத்திரப்படியும் வழக்கப்படியுமே தீர்ப்பது என்று 1819-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. வழக்கு மன்றங்களுக்கு ஐயம் எழும்போது யோசனை சொல்ல 1827-இல் ஒரு குழுவும் அமைந்தது. சாத்திரம் என்ன சொல்லிற்று? மனைவிக்குப் பிள்ளை இல்லையேல் எட்டாம் ஆண்டில் கணவன் வேறொருத்தியை மணக்கலாம் என்பது மனுவின் விதி. பெண் மக்களையே பெற்றவளுக்குப் பதினோராம் ஆண்டு! குறை மனைவியிடம்தான் என்பது அங்கே விசாரணையின்றியே முடிந்துபோன செய்தி. இந்து திருமணச் சட்டம் 1963-இல் புதுவைக்கும் நீட்டிக்கப்பட்டு, மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்வதை விலக்கியது. ஆனால் தெருவின் தீர்ப்பு சட்டத்தோடு மாறிவிடுவதில்லை. 'மலடி' என்ற சொல்லை நான் இவ்வூரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்; அதன் ஆண்பாற் சொல்லை ஒருமுறையேனும் கேட்டதில்லை.

மாணவர்களே, இந்தத் தீர்ப்பு பிழையானது என்பதற்குச் சான்று ஒரு புறாக் கூண்டிலிருந்து கிடைத்த வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

புதுவையில் 1823-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆயினும் நாம் தேடும் கதை ஜாவாத் தீவில் தொடங்குகிறது. அங்கே 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயை அது ஒத்திருந்தது. மலேயாவிலோ நம்மவரே சான்றாயினர். அங்கே வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். பிராடன் என்ற மருத்துவர் இதை 1907-இல் நூலாக எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவுக்கு இவ்வளவு பெருமை உண்டு!

இனி நீலகிரிக்கு வருவோம். குன்னூரில் 1907-இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையத்தில், 1918-இல் இராபர்ட் மக்கரிசன் என்ற ஐரிஷ் மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட தீட்டிய அரிசியைப் புறாக்களுக்கு ஊட்டி, அவை இறந்தபின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து நிறுத்துப் பார்த்தார். மூளை ஏறக்குறைய எடை குறையாமல் இருந்தது. மிகுதியாகச் சுருங்கிய உறுப்புகளின் வரிசையில், கழுத்தடியிலுள்ள தைமஸ் சுரப்பிக்கு அடுத்தபடியாக நின்றது ஆண் பறவையின் விதையே. பெண் பறவையின் சினைப்பையும் சுருங்கியது. ஆனால் வரிசையில் அது விதைக்குப் பின்னரே வருகிறது. 1919-இல் இம்முடிவுகள் வெளியாயின. சத்துக்குறையோடு பசி மந்தித்துத் தீனி குறைந்ததும் இதற்குக் காரணமே. புறாவுக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று கொள்வதும் கூடாது. எனினும் உடல் வறுமைப்படும்போது சந்ததிக்கான செலவை முன்னதாகக் குறைத்துக்கொள்கிறது என்பதும், அக்குறைப்பு ஆணை விட்டுவைப்பதில்லை என்பதும் அந்தத் தராசில் தெரிந்தன.

மக்கரிசனின் ஆய்வுக்கூடத்துக்கு 1929-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வந்து சில மாதம் பணியாற்றினார். பம்பாய் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகைச் சோகையை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அச்சோகை தீர்ந்தது. 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயர் தாங்கும் மருத்துவமனையிலும் அவர் பணி செய்தார். அந்தச் சாற்றில் மறைந்திருந்த பொருள் 1941-இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் குழந்தையின் தண்டுவடக் குழல் மூடிக்கொள்கிறது. தாய்க்குத் தான் கருவுற்ற செய்தியே அப்போது தெரியாது. ஆகையால் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொள்ளும்படி மருத்துவர் சொல்கின்றனர். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

நிற்க. ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். அமெரிக்காவில் 1922-இல் ஈவான்ஸ், பிஷப் என்னும் இருவர், ஒரு சத்து குறைந்தால் எலிகள் கருவைத் தாங்குவதில்லை எனக் கண்டனர். வைட்டமின் ஈ எனப்படும் அதற்குப் பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே தோகோபெரால் என்று பெயரும் சூட்டப்பட்டது. பெயரைக் கேட்டவர்கள் அதைச் சந்தான மருந்தாகவே எண்ணினர். மனிதரிடம் அக்குறை மிக அரிது. பிள்ளையில்லாதோர்க்கு அது கைகண்ட மருந்தென்று மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஒரே பொருளில் பிள்ளை வரம் தருவதாகக் கூறும் விளம்பரம் எதையும் நான் நம்புவதில்லை. கருக்குழாய் அடைபட்டவளுக்கு எந்தக் கீரையும் அதைத் திறந்துவிடாது.

உணவும் பழக்கமும் உதவும் இடம் எது? மிக மெலிந்த பெண்ணுக்கும், உடல் மிகப் பருத்த பெண்ணுக்கும் மாதந்தோறும் முட்டை வெளிப்படுவது தடைபடக்கூடும். பருத்தவர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு எடை குறைத்தாலே பலருக்கு அது ஒழுங்குபடுகிறது. புகை, இருபாலாரின் ஆற்றலையும் கெடுக்கும். மிகுந்த குடியும் அவ்வாறே. மதுக்கடைக்குப் பஞ்சமில்லாத நம்மூரில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணின் உயிரணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. எனவே இன்று புகையை விட்டவன் பயனைக் காண மூன்று மாதமேனும் பொறுக்க வேண்டும். இன்று பாகூர் வயல்களில் விளையும் நெல்லும் ஆலையில் வெளுக்கத் தீட்டப்பட்டே நம் வீட்டுக்கு வருகிறது. கீரையும் பருப்பும் மீனும் தட்டில் கூடினால் அக்குறை ஓரளவு ஈடாகும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் மகப்பேறின்மையைச் சந்திக்கின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் அறிவித்தது. பிள்ளையற்ற தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவனின் குறை தனித்தோ மனைவியின் குறையோடு கூடியோ இருக்கிறது. கணவனைச் சோதிப்பது எளிது, செலவும் சிறிது, அறுவை எதுவும் வேண்டியதில்லை. அப்படியிருந்தும் மனைவிக்கு எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகே பல வீடுகளில் கணவன் மருத்துவமனைப் படியேறுகிறான். மருத்துவர் விதிக்கும் காத்திருப்பு எட்டாண்டு அன்று, ஓராண்டே. மனைவி முப்பத்தைந்து வயதைக் கடந்தவளாயின் ஆறு மாதம். அதன்பின் இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும்.