பேறுகாலப் படி முதல் பாராகுவாட் வரை: வட சிலாங்கூர் தோட்டப் பெண்களின் உடல்நலமும் தமிழ் இதழ்களும்

மலாயாத் தமிழ் இதழ்களில் பெண்களின் உடல்நலம் எப்படி எழுதப்பட்டது என்று தேடப் புகுபவர் முதலில் புரட்டுவது மாதர் பகுதியைத்தான். கர்ப்பிணிக்கு அறிவுரை, குழந்தை வளர்ப்பு, கைவைத்தியம், சமையல் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களைப் பொறுத்தவரை அந்தத் தேடல் பாதி வழியோடு நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே பெண்ணின் உடம்பு அச்சேறியது பெரும்பாலும் தொழிலாளர் செய்திகளில். கூலி, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, களைக்கொல்லி என்ற தலைப்புகளின் கீழேதான் அவளைத் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வட்டாரத்துக்குத் தோட்ட வரலாற்றில் தனி இடம் உண்டு. ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய ‘மலேசி’ நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. கோல சிலாங்கூர்க் காடு பாரிசில் இலக்கியமாகக் கொண்டாடப்பட்ட அதே ஆண்டில், உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டித் தோட்டக் கூலி வெட்டப்பட்டது. சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி முறையே 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. பெண்ணின் தட்டில் என்ன விழும் என்பதைத் தீர்மானித்தது இந்தக் கணக்கு. ஊட்டச்சத்துக் குறிப்புக்கு அதில் வேலை இல்லை.

அதற்கு முந்தைய காலத்தில் உடல்நலத்தைப் பற்றி எழுதியவர்கள் ஆங்கில மருத்துவர்கள். 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை ஒழிக்கப் பாடுபட்ட மால்கம் வாட்சன் அவர்களில் முதன்மையானவர். கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் மாண்டார்கள். சதுப்பை வடித்து, கொசு பெருகும் ஓடையைக் குழாயில் அடைத்து வாட்சன் செய்த பணி பல்லாயிரம் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வகை அறிக்கைகளின் அலகு ‘தொழிலாளர்’. பிரசவத்தில் இறந்தவளும் காய்ச்சலில் கருக்கலைந்தவளும் அந்த எண்ணுக்குள் கரைந்துபோனார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பேறுகாலப் படியைக் கொண்டுவந்தது. அதற்குக் கருணை மட்டும் காரணம் என்று நான் கருதவில்லை. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், பெண்களும் குடும்பங்களும் சேர்ந்து வந்தால்தான் ஆள் கிடைக்கும் என்ற நிலை உருவாகியிருந்தது. அப்படியும் 1931இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பார்த்துவிட்டால் பிறகு வரும் இதழ்களை எடைபோடுவது எளிது. விடியுமுன் எழுந்து உலை வைத்து, காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகையால் இருட்டோடு இருட்டாக நெற்றி விளக்கோடு வெட்டு தொடங்கிவிடும். குனிந்து கீழ்ப்பட்டை, அண்ணாந்து மேல்பட்டை. மங்குக் கோப்பையில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து பால் கொட்டகையில் நிறுக்கும்போது நண்பகல் நெருங்கிவிடும். மார்பில் பால் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தத் தோட்டத்துப் பால் முதல், தன் பிள்ளை பிறகு. ‘கர்ப்பிணி கனமான பொருளைத் தூக்கலாகாது’ என்ற அறிவுரை இவளிடம் வந்து சேர்ந்தால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அறிவுரை வந்தது சென்னையிலிருந்து. இந்திய மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ 1918இல் தொடங்கியது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். குழந்தை மணம், விதவை நிலை, பெண்கல்வி, சுகாதாரம் ஆகியவற்றை இவை எழுதிய விதத்துக்கு வரலாற்று மதிப்பு உண்டு. ஆயினும் அவற்றின் வாசகி வீட்டுக்குள் இருப்பவள். பெரியாரின் ‘குடி அரசு’ இதிலிருந்து விலகி, கர்ப்பத்தடையைப் பெண்ணின் உரிமையாகப் பேசியது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்து போனபின் சுயமரியாதைக் கருத்துகள் இங்கே வேர்பிடித்தன. ஒரு பிரதி இதழ் தோட்டத்துக்குள் வந்தால் அதைப் பலருக்குப் படித்துக்காட்டுபவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கேட்டவர்களில் ஆண்களே மிகுதி என்று கொள்வதில் தவறிருக்காது. பொழுது சாய்ந்தபின் பெண்ணுக்கு இன்னொரு வேலைநாள் காத்திருந்தது.

உள்ளூர் நாளிதழ்கள் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேச’னும், சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முர’சும் தோட்டத்தைச் செய்தியாக்கின. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1941இன் முற்பகுதியில் கிள்ளானில் வெடித்த வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் தோட்டங்களுக்கும் பரவியது. அதன் கோரிக்கைகளைப் பெண் வரலாறாகப் படித்தவர்கள் குறைவு. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவைதான் வழக்கமாக மேற்கோளாகும். அவற்றோடு பெண் தொழிலாளர் மீது மேலதிகாரிகள் செய்யும் பாலியல் அத்துமீறலை நிறுத்து, முறையான மருத்துவ வசதி கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடு என்பனவும் இருந்தன.

வேலையிடத்து அத்துமீறல், மருத்துவம், வீட்டில் குடியால் விளையும் கேடு மூன்றும் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றதை எந்த மாதர் பகுதியிலும் காண்பது அரிது. அதற்குப் பின்னால் ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார் என்பதும் தற்செயலல்ல. தோட்டத்திலிருந்து வந்த கடிதங்களையும் முறையீடுகளையும் நாள்தோறும் படித்தவருக்கு எது எதோடு சேர்ந்தது என்று தெரிந்திருக்கும். மே மாதம் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆண்கள் கொண்டுபோகப்பட, தோட்டங்களில் பசியும் பிள்ளைகளும் பெண்கள் பொறுப்பில் விடப்பட்டன. 1943இல் இந்திய தேசிய இராணுவத்தில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

போருக்குப் பின் இரு போக்குகள் பிரிந்தன. இதழியல் இலக்கியப் பக்கம் செழித்தது. கு. அழகிரிசாமி 1950களில் தமிழ் நேசனில் பணியாற்றிய காலம் அதற்குச் சான்று. தமிழகத்து வார இதழ்களும் தடையின்றி வந்து குவிந்தன. மறுபுறம், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ‘சங்கமணி’ இதழை நடத்தியது. 1955இன் வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பைக் கொடுத்தது. பின்னாளில் இதில் பிள்ளைக் கணக்குக்கும் வரம்பு வந்தது: ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அடுத்த பேற்றுக்குப் படி இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கமும் மலாயாவில் முதலில் சிலாங்கூரில்தான், 1953இல், சங்கமாக உருப்பெற்றது. 1966இல் தேசிய வாரியம் அமைந்தது. சிறு குடும்பம் நல்லது என்று அச்சில் சொல்லப்பட்டதற்கும் படி நிற்கும் என்று சட்டம் சொன்னதற்கும் நடுவே பெண்ணின் விருப்பம் எங்கே நின்றது என்ற கேள்வியை மாதர் பகுதிகள் அழுத்திக் கேட்டதாகச் சொல்ல முடியாது. மருத்துவ வசதியும் அப்படித்தான்: தோட்டத்தில் நோயாளிக்கு முதலில் கிடைத்தவர் டிரசர் என்ற மருத்துவ உதவியாளர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமே 1965இல்தான் வந்தது. இதழில் ‘மருத்துவரை அணுகவும்’ என்று எழுதுவது எளிது.

பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது பயிர்தான். 1960களுக்குப் பின் ரப்பர் மரங்கள் வெட்டுண்டு செம்பனை பரவியது. குலை வெட்டுவது ஆண் வேலையானது. பெண்கள் உதிரி விதை பொறுக்கவும் மருந்து அடிக்கவும் வெளிக்காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முதுகில் தெளிப்பான், முகத்தில் ஒரு துண்டு, சில இடங்களில் கிழிந்த கையுறை. காற்று திரும்பினால் பாராகுவாட் களைக்கொல்லிச் சாரல் கண்ணில். மூக்கில் இரத்தம் வடிவது, நகம் நிறம் மாறிக் கழன்றுபோவது, தோல் வெந்து அரிப்பது, கண் மங்குவது எல்லாம் அவர்களிடம் பேச்சுவாக்கில் சொல்லப்படும் சங்கதிகள். இந்த நஞ்சு வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்து இல்லை.

இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ஆய்வும் இயக்க இதழியலும் சேர்ந்த ஒரு வகை எழுத்து. வசந்தி ஆறுமுகத்தின் பெண் நஞ்சுத் தெளிப்பாளர் ஆய்வு 1992இல் வெளிவந்தது. ஐரீன் ஃபெர்னான்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா, பெண் தெளிப்பாளர்களின் வாக்குமூலங்களையும் உடல் பரிசோதனை முடிவுகளையும் 2002இல் அறிக்கையாக்கியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதைத் தொடர்ந்து பேசிவந்தது. நாட்டில் சுமார் 30,000 பெண்கள் இவ்வேலையில் இருந்ததாக இயக்கத்தினர் கணக்கிட்டார்கள். 2002இல் அரசு பாராகுவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் செம்பனைத் தொழிலின் நெருக்குதலால் அதைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை வந்தது. இப்படி எழுதுவதற்கு விலையும் இருந்தது. குடியேறித் தொழிலாளர் தடுப்புமுகாம் பற்றிய வேறோர் அறிக்கைக்காக ஐரீன் மீது 1984இன் அச்சு, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் 1996இல் வழக்குப் போடப்பட்டது. 2008இல்தான் அவர் விடுதலையானார்.

இக்காலத்தில்தான் தமிழகப் பெண்கள் இதழ்களான மங்கையர் மலரும் அவள் விகடனும் மலேசியக் கடைகளில் தொங்கின. மாதவிடாய், மார்பகப் புற்றுநோய், மனச்சோர்வு பற்றி அவை கூச்சமின்றிப் பேசியது நல்ல மாற்றம்தான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நகம் கழன்ற பெண்ணுக்கு அவற்றில் ஒரு பத்தி கூட இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்த வேலை அவற்றின் வாசக உலகத்திலேயே இல்லை. 1941இல் நாதன் சேர்த்துவைத்ததை மறுபடி சேர்த்தவர்கள் தெளிப்பாளர்களிடம் நேரில் போய்க் கேட்டு எழுதியவர்கள்.

இன்று பேறுகால விடுப்பு 98 நாள். 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, இவ்வட்டாரத் தமிழ்ப் பெண்களில் பலர் தோட்டத்தை விட்டு வெகுகாலமாகிவிட்டது. மருந்துத் தெளிப்பானை இப்போது சுமப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ் நேசன் 2019 ஜனவரி 31 அன்று நின்றுபோனது. பழைய தெளிப்பாளர்கள் முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்யும் வேலையை மாணவர்கள் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பரணில் பழைய சங்கமணி, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய தாள் கடைக்குப் போடாமல், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் போன்ற ஓர் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.