துளைக்குப் பிந்தைய வேலை

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செருகுவது, கைதேர்ந்த மருத்துவருக்குச் சில நிமிட வேலை. அந்தக் குழாய் அடைபடாமல், நழுவாமல் இரவும் பகலும் காப்பது தாதியின் வேலை. டிரக்கியாஸ்டமி என்ற இந்தச் சிகிச்சையின் வரலாறு முதல் வேலையைச் செய்தவர்களின் பெயர்களால் நிரம்பியிருக்கிறது. இரண்டாவதைச் செய்தவர்களுக்கு அதில் பெயரே இல்லை.

கோபன்ஹேகனை எடுத்துக்கொள்வோம். 1952-இல் அங்கே இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் திணறலோடு வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஆகஸ்ட் இறுதியில் மயக்க மருந்து நிபுணர் பியர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டுப் பை அமுக்கிய கதை உலகப் புகழ் பெற்றது. அவர்கள் பக்கத்திலேயே நின்று சளியை உறிஞ்சியெடுத்த, உடலைப் புரட்டிக் கொடுத்த தாதியர் அந்தக் கதையின் ஓரத்தில்கூட அரிதாகவே வருகிறார்கள்.

இப்படி மூச்சுக் கொடுத்துக் காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐ.சி.யூ.) மலேசியாவில் முதன்முதலாக 1968-இல் தொடங்கியது. கோலாலம்பூரின் லெம்பா பந்தாயில் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கு ஜாலான் பஹாங் ஜெனரல் ஆஸ்பத்திரியோடு இதுவும் எட்டும் தூரத்தில் வந்தது. வென்டிலேட்டர் எனும் மூச்சுக் கருவி வந்த இடத்தில் கழுத்துக் குழாயும் வந்தது. மிஸ்ஸிகள், அதாவது தாதியர், புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

படிப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் உயிர் இருக்கிறது. மூக்கின் வழியே போகாமல் நேரே உள்ளே போகும் காற்றை ஈரமாக்க வேண்டும். வெளியே கோலாலம்பூர் எவ்வளவு புழுங்கினாலும், குழாயில் வரும் ஆக்சிஜன் வறண்டது. சளியை இறுக்கி அடைப்பாக்கிவிடும். சளி உறிஞ்சுவது ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் சளியோடு மூச்சும் வெளியே இழுபடுகிறது. குழாயைச் சுற்றியுள்ள 'கஃப்' என்ற காற்றுப்பையை அதிகமாக ஊதினால் மூச்சுக்குழல் சுவர் புண்ணாகும், குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். கட்டில் தலைமாட்டில் அதே அளவில் ஒரு மாற்றுக் குழாயும், ஓர் அளவு சிறியது இன்னொன்றும் எப்போதும் இருக்க வேண்டும்.

1999-இல் இந்த வேலையின் ஆபத்து தாதியர் பக்கமும் திரும்பியது. பிப்ரவரி முதல் ஜூன் வரை யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு வந்த நிப்பா வைரஸ் நோயாளிகள் 94 பேர். 30 பேர் இறந்தார்கள். பலருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. வைரஸைப் பிரித்தெடுத்த சுவா கா பிங்கும் சக ஆய்வாளர்களும் நோயாளிகளின் சுவாசக் கழிவிலும் அதைக் கண்டார்கள். சளி உறிஞ்சக் குனிந்தவர்கள் எதன் முன்னால் குனிந்தார்கள் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இதற்கு முன்பே, 1985-இல், அமெரிக்காவில் பாஸ்குவாலே சியாக்லியா, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாமல் கட்டிலிலேயே துளையிடும் முறையை வெளியிட்டார். அது பரவப் பரவ, குழாயோடு இருக்கும் நோயாளிகள் ஐ.சி.யூ.வைத் தாண்டிச் சாதாரண வார்டுகளுக்கும் வந்தார்கள். அங்கே ஒரே தாதி பலரைப் பார்க்க வேண்டும். 2011-இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஐ.சி.யூ. சுவாசப்பாதை விபத்துகளில் நழுவிய கழுத்துக் குழாயே முக்கியக் காரணம் என்றது. இன்று பல நாடுகளில் பொம்மைக் கழுத்தை வைத்து, குழாய் நழுவினால் என்ன செய்வது என்று பயிற்சி கொடுப்பதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு தூண்டுதல்.

காற்று குரல்நாண்களைத் தொடாததால் நோயாளிக்குப் பேச்சு வராது. தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்த வார்டில், எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பாட்டிக்குத் தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்பதை உதட்டசைவிலும் படஅட்டையிலும் கண்டுபிடிப்பதும் பயிற்சியில் சேர வேண்டும் என்பதே சரி.

வீடு திரும்புகிறவர்களின் குழாயை மகளோ மனைவியோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உள்குழாயைக் கழுவவும் சளி உறிஞ்சவும் சொல்லிக் கொடுத்து, ஒருமுறை தன் கண்முன்னே செய்யச் சொல்லிப் பார்ப்பதும் தாதிதான்.